வாசலில் வைத்தே சைலன்சர் மாற்றலாமா?

மோட்டார் சைக்கிளுக்குக் கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய ஒன்றை வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்ளலாமா? புதுச்சேரி மூலக்குளத்தில் இதை மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வரும். மெக்கானிக், "அது என்ன பெரிய வேலை, ஒரு மணி நேரம்" என்பார். கல்லூரிக்குப் போகும் பையன், பிக்கப் ஏறும் என்பான். இந்திரா காந்தி சிலை சந்திப்பில் நிற்கும் டிராஃபிக் போலீஸ், அபராதத் தொகையைச் சொல்வார். முதல் பதில் ஏறக்குறைய உண்மை. இரண்டாவது பெரும்பாலும் நம்பிக்கை. மூன்றாவதில் பலர் கவனிக்காத நுணுக்கங்கள் உண்டு.

சைலன்சர் ஏன் மாறுகிறது, கை வேலை எப்படி, எஞ்சினுக்கு லாபம் எவ்வளவு, சட்டம் என்ன சொல்கிறது, தெருவுக்கு என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே காரியத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. எந்தச் சைலன்சரை வாங்குவது என்ற முடிவில்தான் எல்லாம் தேறுகிறது, அல்லது கெடுகிறது.

உள்ளிருந்து அரிக்கும் துரு

ரெட்டியார்பாளையத்துக்கும் அரும்பார்த்தபுரத்துக்கும் இடையே விழுப்புரம் சாலையை ஒட்டி இருக்கிறது மூலக்குளம். கடற்கரையில் இல்லை என்றாலும் உப்புக்காற்று எட்டாத தூரமும் இல்லை. ஆனால் சைலன்சரைத் தின்பது வெளிக்காற்று மட்டும் என்று நினைப்பது பாதி உண்மைதான். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. விழுப்புரம் வரை ஓட்டினால் ஆவியாகவே வெளியே போய்விடும். காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்பும் பத்து நிமிட ஓட்டத்தில் பின்பக்கக் குடுவை சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து, புகையின் அமிலத்தோடு கலந்து, தகட்டை உள்பக்கமிருந்து அரிக்கும். மேலே குரோம் பளபளவென்று இருக்கும்போதே அடியில் பொத்தல் விழுவது இதனால்தான்.

பல சைலன்சர்களின் அடிப்பக்கத்தில் பொடியாக ஒரு துளை இருக்கும். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே போட்டது. அதை ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால், நல்ல சைலன்சரின் ஆயுளை நாமே குறைத்த கதை. வெள்ளம் வந்தால் இன்னொரு பாடு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சைலன்சர் வாய் மூழ்கிய வண்டியில் தண்ணீரை வடித்துவிடலாம். உள்ளே படிந்த சேறு அவ்வளவு எளிதில் வராது.

ஆக, சைலன்சர் மாற்றுகிறவர்கள் எல்லாரும் சத்தத்துக்காக மாற்றுகிறவர்கள் இல்லை. துருவால் மாற்றுகிறவர், எடை குறையட்டும் என்று மாற்றுகிறவர், தோற்றத்துக்காக மாற்றுகிறவர், ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மாற்றுகிறவர் என்று பல ரகம். துருவுக்காக மாற்ற வருகிறவரும் கம்பெனி சைலன்சர் விலையைக் கேட்டதும் வெளிச் சரக்கின் பக்கம் திரும்பிவிடுகிறார். அந்த விலைக்குக் காரணம் உண்டு. புகையைச் சுத்திகரிக்க உள்ளே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற அரிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன.

குழாய்க்குள் நடப்பது

1897-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சத்தத்தைக் குறைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அன்றிலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஒரு வகை சைலன்சரில் தடுப்புத் தகடுகள் போட்டு அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஒலி அலை ஒவ்வோர் அறையிலும் மோதித் திரும்பித் தன்னைத்தானே தணித்துக்கொள்ளும். இன்னொரு வகையில் நடுவே துளையிட்ட நேர்க்குழாய்; அதைச் சுற்றி கிளாஸ்வூல் அடைத்திருக்கும். முதல் வகை கனமானது, அமைதியானது, கம்பெனி வண்டிகளில் வருவது. இரண்டாவது லேசானது, சத்தம் கூடியது, கடைகளில் ஃப்ரீ ஃப்ளோ என்று விற்பது. கிளாஸ்வூல் எரிந்து தேயத் தேயச் சத்தம் இன்னும் ஏறும்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் இந்தக் குழாய்க்கு வேறொரு வேலையும் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் 1950-களில் வால்டர் காடன் என்ற பொறியாளர், வயிறு பெருத்து வால் சிறுத்த குழாயின் அளவுகளைத் திருத்தித் திருத்தி, வெளியேறும் அழுத்த அலை திரும்பி வந்து புதுக் கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளும்படி செய்தார். 1961-இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி, அந்த நுட்பத்தை ஜப்பானின் சுசுகிக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்கு. நம் ஊரில் 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100-இன் துடிப்பிலும் குழாயின் பங்கு உண்டு. அந்த வண்டியில் சைலன்சரை மாற்றினால் வண்டியின் குணமே மாறியது. "சைலன்சர் மாத்தினா பிக்கப் ஏறும்" என்ற பேச்சுக்கு டூ ஸ்ட்ரோக் காலத்தில் அர்த்தம் இருந்தது. இன்று அதே பேச்சை 125 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் மேல் ஏற்றிச் சொல்கிறோம்.

இன்னொரு மரபு புல்லட்டுடையது. 1955 முதல் சென்னையில் தயாராகிவரும் அந்த வண்டியைச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. புது வண்டியின் சத்தம் போதாதென்று ஷோரூமிலிருந்து நேரே சைலன்சர் கடைக்கு ஓட்டிப் போகிறவர்களும் உண்டு.

கை வேலை

வேலை சின்னதுதான்; அவசரப்பட்டால் பெரிதாகும். முதல் எதிரி துருப்பிடித்த நட்டு. சிலிண்டர் ஹெட்டில் சைலன்சர் பைப் சேரும் இடத்தில் பெரும்பாலான சிறிய வண்டிகளில் இரண்டு ஸ்டட், இரண்டு நட்டு. வருஷக்கணக்காகச் சூடும் மழையும் பட்டு நட்டு ஸ்டட்டோடு ஒன்றாகிப் போயிருக்கும். முந்தின நாள் மாலையே துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊற விட வேண்டும். காலையில் எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, முனை வழுக்காத பாக்ஸ் ஸ்பானர் போட்டு, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் ஸ்டட் முறியும். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. முறிந்த துண்டை வெளியே எடுக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஒரு மணி நேர வேலை ஒரு வாரம் இழுத்துக்கொள்ளும் இடம் இதுதான்.

பி.எஸ். 6 புகை விதிகளின்படி வந்த வண்டி என்றால் பைப்பில் பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரைப் பிரித்துவிட்டுத்தான் பைப்பை அசைக்க வேண்டும். பிறகு பின்பக்க போல்ட்டைக் கழற்றும்போது சைலன்சரை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முழு எடையும் ஹெட் பக்கம் தொங்கும். போல்ட்டோடு வரும் ரப்பர் புஷ், அதன் உள்ளே இருக்கும் இரும்புக் குழல் இரண்டையும் தொலைக்காமல் வைத்தால் புதியதில் அவையே உதவும்.

மாட்டும்போது மூன்று விதிகள். ஒன்று, பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒரு முறை நசுங்கிய வளையம் மறுமுறை சரியாக உட்காராது. ஹெட்டின் உள்ளே பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு கேஸ்கட் மேல் மேலாக உட்கார்ந்து ஒழுகும் வண்டிகள் ஏராளம். இரண்டு, எல்லா நட்டையும் முதலில் விரலால் மட்டும் பிடிப்பு கொடுத்து, ஹெட் பக்க நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, அடுத்து கிளாம்ப், கடைசியில்தான் பின் போல்ட். பின்பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டு முன்பக்கத்தை இழுத்துப் பொருத்தினால் பைப் விறைத்து நிற்கும்; சில மாதத்தில் பற்றவைப்பு விரியும். மூன்று, பலத்தைக் காட்டக் கூடாது. 6 மி.மீ. ஸ்டட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டுக்கு ஏறக்குறைய 20 போதும்; உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் முறுக்கினால் அலுமினியத்தில் த்ரெட் போய்விடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் இன்னும் சில பார்வைகள். வெளிச் சைலன்சரில் சென்டர் ஸ்டாண்ட் மோதும் ரப்பர் இருக்கிறதா? பல வண்டிகளில் அது சைலன்சரோடுதான் வரும். அது இல்லாவிட்டால் ஸ்டாண்ட் மேலே போய்ச் செயினில் உரசக்கூடும். பிரேக் மிதியை முழுக்க அழுத்தினால் பைப்பில் இடிக்கிறதா? பின்னால் உட்காருபவரின் காலுக்கும் குழாய்க்கும் நடுவே சூட்டுத் தகடு இருக்கிறதா? அழகுக்காகத் தகட்டை விட்டுவிட்ட சைலன்சரின் விலையைப் பின்னால் ஏறி இறங்கும் பிள்ளையின் கெண்டைக்கால் கொடுக்கும். ஸ்டெயின்லெஸ் குழாய் என்றால் எண்ணெய்க் கைரேகையைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். முதல் சூட்டில் ரேகை அப்படியே கருகி நிலைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்வது வெட்டவெளியில். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஷட்டர் போட்ட போர்டிகோவில் எஞ்சினை ஓட விடக் கூடாது. முதலில் கொஞ்சம் புகை வருவது குழாயில் ஒட்டிய எண்ணெய். 'டப் டப்' என்று ஹெட் பக்கம் கேட்டால் கேஸ்கட் ஒழுகுகிறது. ஒரு ஓட்டம் ஓடி ஆறிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்கு என்ன லாபம்?

தெருவில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, "குழாய் திறந்தா பவர் வரும்." மற்றது, "பேக் பிரஷர் இல்லாட்டி வண்டி இழுக்காது." இரண்டிலும் பாதிதான் உண்மை. எஞ்சின் யாருடைய அழுத்தத்தையும் கேட்பதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் குழாயில் ஓடும் அலை, வால்வு மூடும் முன் சரியான நேரத்தில் உறிஞ்சலாகத் திரும்பினால் சிலிண்டர் நன்றாகக் காலியாகும். குழாயின் நீளமும் விட்டமும் அந்த நேரத்துக்குக் கணக்கிடப்பட்டவை. அகலக் குழாய் போட்டால் அலையின் நேரம் தவறி, நாம் அன்றாடம் ஓட்டும் குறைந்த வேகத்தில் இழுவை குறையலாம். அதைப் பார்ப்பவர்தான் பேக் பிரஷர் போச்சு என்கிறார்.

125 சி.சி. பயண வண்டி ஒன்று தருவது ஏறக்குறைய 11 குதிரைத்திறன். அதில் 5 சதவீதம் கூடியது என்றே வைத்துக்கொண்டாலும் ஏறுவது அரைக் குதிரையும் கொஞ்சமும்தான். காதுக்குக் கேட்கும் வேகம் சக்கரத்துக்கு வருவதில்லை.

நஷ்டங்கள் திட்டவட்டமானவை. கார்புரேட்டர் வண்டியில் குழாய் திறந்தால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்டாசு வெடிக்கும். ஜெட் மாற்றாமல் ஓட்டினால் வால்வுக்குத்தான் கேடு. பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய வண்டியில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோல் அளவை கம்ப்யூட்டர் திருத்திக்கொள்ளும். ஆனால் சென்சாருக்கு முன்னால் இணைப்பு ஒழுகி வெளிக்காற்று நுழைந்தால், கலவை மெலிந்துவிட்டது என்று தவறாகப் புரிந்துகொண்டு கூடுதல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் குறைந்ததற்கு இன்ஜெக்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டால் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் சுத்திகரிக்கப்படாமல் அப்படியே தெருவுக்கு வரும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

புதுச்சேரி யூனியன் பிரதேசம். எல்லை தாண்டிக் கோட்டக்குப்பத்துக்கோ கடலூருக்கோ போனால் தமிழ்நாடு. போலீஸ் மாறும், மோட்டார் வாகனச் சட்டம் 1988 மாறாது. அதன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் சைலன்சர் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. 2019 ஜனவரி 9-இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. உற்பத்தியாளரின் மூல அமைப்பை மாற்ற உரிமையாளருக்கு இடமில்லை என்பது அதன் சாரம்.

ஆர்.சி. வாதத்தை ஒதுக்கினாலும் மற்ற விதிகள் நிற்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 120-ஆம் விதி, சத்தத்தை முடிந்தவரை குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்கிறது. 2003 முதல் தயாரான இரு சக்கர வாகனங்களுக்கு ஓடும்போதான ஒலி வரம்பு: 80 சி.சி. வரை 75 டெசிபல், 80 முதல் 175 வரை 77, அதற்கு மேல் 80. 2019 திருத்தத்துக்குப் பின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 190(2) பிரிவின்படி ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்சும் மூன்று மாதம் முடங்கும். நீதிமன்றம் போகாமல் அங்கேயே கட்டும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2021 ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, மாற்றப்பட்ட சைலன்சர்களின் இரைச்சலைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது.

கவனிக்க வேண்டியது, இந்தத் தண்டனை வண்டிக்காரரைத் தேடித்தான் வரும். மாட்டியது மெக்கானிக்கா நாமா என்பதை யாரும் விசாரிப்பதில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் விபத்துக் காலத்தில் வாதமாகும் வாய்ப்பும் உண்டு.

தெருவும் வெளிநாடும்

டெசிபல் கணக்கு கூட்டல் கணக்காகப் போவதில்லை. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 77-க்கு வடிவமைத்த வண்டி 87 போட்டால், ஆற்றலில் பத்து வண்டிகள் ஒன்றாகப் போவது போல. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. சாலை இரைச்சலுக்கு இரவில் 45 டெசிபலுக்குக் கீழ் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் தந்த பரிந்துரையும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில், ராத்திரி பதினொன்றுக்கு ஒரு வண்டி போதும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பல. அவர்களுடைய பிள்ளைகள் பிரான்சில் வண்டி ஓட்டினால் சட்டம் வேறு விதமாகக் கேட்கும். அங்கே வெளிச் சைலன்சர் தடையில்லை, ஆனால் ஐ.நா.வின் 92-ஆம் ஒழுங்குவிதிப்படி சோதிக்கப்பட்டு, குடுவையில் ஈ குறியும் நாட்டு எண்ணும் பொறித்திருக்க வேண்டும். 2 என்றால் பிரான்சில் அனுமதி பெற்றது. 2024 ஏப்ரல் 15 முதல் இரு சக்கர வண்டிகளுக்குக் கட்டாயத் தொழில்நுட்பச் சோதனை வந்துவிட்டது. சத்தமும் அதில் ஓர் அம்சம். 2022-இல் பாரிசில் சத்தம் போடும் வண்டியைப் படம் பிடிக்கும் ஒலிக் கேமராக்களைச் சோதித்தார்கள். இங்கே கடையில் விற்கும் சில குடுவைகளிலும் ஈ குறி இருக்கும். அது போலியாகவும் இருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும் நம் போலீஸ் முன் அது அனுமதிச் சீட்டு ஆகாது.

தீர்ப்பு

பார்த்தவற்றைத் தொகுத்தால் நான்கு நிலை வருகிறது. துருப்பிடித்ததற்குப் பதில் அதே மாடலின் கம்பெனி சைலன்சர்: தாராளமாக வீட்டிலேயே மாட்டலாம், கூலியும் மிச்சம், வண்டியும் புரியும். கன்வெர்ட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிக்குத் தடுப்புகள் முழுதாக உள்ள, பழையதற்கு ஈடான குடுவை: அளந்து பார்த்து மாட்டலாம். வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் போனை வைத்து, ஒரே ஆர்.பி.எம்.மில் பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இராது. வித்தியாசம் பொய் சொல்லாது. புதியது எடுப்பாக ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. மூன்றாவது, பி.எஸ். 6 வண்டியில் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் தொடாமல் பின்குடுவையை மட்டும் மாற்றுவது: எஞ்சின் பொறுத்துக்கொள்ளும், சட்டம் பொறுக்கும் என்று சொல்ல முடியாது. கன்வெர்ட்டரைக் கழற்றுவதும் சத்தத்தைக் குறைக்கக் குழாய் வாயில் செருகியிருக்கும் டிபி கில்லரைப் பிடுங்குவதும் நான்காவது; அதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதில் ஆட்சியாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொத்தலும் இருக்கிறது. பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். படம் நன்றாக வருகிறது. ஆனால் அமைதியான, மலிவான, சோதித்த வெளிச் சைலன்சர் எது என்று ஒரு முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வாங்குகிறவருக்கு வழி இல்லாதவரை, துருவுக்காக மாற்றுகிறவரும் ஊரை எழுப்ப மாற்றுகிறவரும் ஒரே கடையில்தான் நிற்பார்கள். ஒரே அபராதத்துக்குத்தான் பயப்படுவார்கள். ஐரோப்பாவைப் போல ஒரு தரமுத்திரை வந்தால் முதலாமவர் சட்டத்தின் பக்கம் வந்துவிடுவார்; இரண்டாமவரைப் பிடிப்பது போலீசுக்கு எளிதாகும். அதுவரை வாசலில் ஸ்பானர் பிடிக்கிறவருக்கு ஒரே ஒரு யோசனை: கழற்றிய கம்பெனி சைலன்சர் ஓட்டையில்லாமல் இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்.சி. புதுப்பிக்கும்போதும், வண்டியை விற்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.